இருபத்தேழு நாள்

ஸ்டாமதிஸ் எப்போதும் ஏதென்ஸையே எடுப்பான்.
கப்பல் எஞ்சின் பழுது பார்ப்பவன், பெராமாக்காரன்.
அகஸ்டாவில் அவன் டேங்கர் எண்ணெய் ஏற்றும்
இரண்டு இரவுகளில் ஒன்று
சிரகூசாவில் என் சமையலறை மேசைக்கு.

வரைபடத்தை விரிப்போம். மடிப்பு நிமிராது.
ஒரு மூலைக்கு உப்புப் புட்டி,
மறுமூலைக்குக் கேப்பர் ஊறுகாய்.
என் தெரு இருக்கும் இடத்தில் ஓர் அறுகோணம்,
சதுப்பு என்று பச்சைக் கோடு இழுத்தது.
படை அதில் இறங்கினால் காய்ச்சல், பகடை உருட்ட வேண்டும்.
"வெனேரா, உன் வீட்டுக்கு வந்தாலே எனக்கு ஆள் குறைகிறது"
என்பான், ஒவ்வொரு முறையும்.
ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.

விரல்நக அளவில் அட்டைச் சதுரங்கள்.
ஒன்றில் முந்நூறு பேர் என்கிறது விதிப்புத்தகம்.
நான் தும்மினால் ஒரு படைப்பிரிவு கவிழும்.

பதினோரு ஆண்டில் ஒன்பது ஆட்டம்,
ஒன்பதும் எனக்கு.
அவன் மதில் கட்டுவான், நான் குறுக்கு மதில் கட்டுவேன்.
பெருந்துறையின் வாயைச் சங்கிலியிட்டு மூடுவேன்.
பிடிபட்டவர்கள் நெத்திலி டப்பாவுக்குள்.
மூடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: கல்குழி.

பகலில் எனக்கு வேலையும் அங்கேதான்,
கல்குழி வாசலில் டிக்கெட் கிழிப்பது.
ஏழாயிரம் பேர், எட்டு மாதம் என்பேன்.
ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் தண்ணீர்.
எலுமிச்சை மரங்களைப் படமெடுப்பார்கள்.
கழிவறை எங்கே என்பார்கள்.

நேற்றிரவு நிலாச் சீட்டு வந்தது.
பாம்பு பாதி விழுங்கிய நிலா.
விதி இருபத்தொன்று:
ஏதென்ஸ் ஒன்பது முறை அசையாதிருக்கலாம்,
அல்லது
துணிவில் நான்கு புள்ளி இழந்து உடனே கிளம்பலாம்.
அன்றைய குறிசொல்லிகள் இருபத்தேழு நாள் இருக்கச் சொன்னார்களாம்.
இவனும் இருப்பான்.
துணிவை அவன் காசு மாதிரி வைத்திருந்தான்,
செலவழிக்க மனம் வராது.

நேற்று சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.
நான்கு புள்ளியை அழித்தான்.
"கிளம்புகிறேன்" என்றான்.
டேங்கருக்குத்தான் என்று நினைத்து
அவன் கோட்டை எடுக்க எழுந்துவிட்டேன்.
அவன் கை துறைமுகத்தின்மேல் இருந்தது.

சங்கிலிக்கு இன்னும் இரண்டு படகு பாக்கி.
தடுக்க எனக்கு ஆறு விழவேண்டும். இரண்டு விழுந்தது.
"இன்னொரு முறை உருட்டு" என்றான், விதியில் இல்லாத தாராளம்.
மூன்று.
இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து
மேசை விளிம்புவரை நகர்த்தி
உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்,
முப்பத்து மூவாயிரம் பேரை.

எனக்குக் கோபம்தான் வந்தது.
"இந்த விதி முன்பே இருந்ததா?"
"முதல் பதிப்பிலிருந்தே."
"பிறகு ஏன்?"
பெகோரினோத் துண்டொன்றை மென்று முடிக்கும்வரை பேசவில்லை.
"மார்ச்சோடு வேலையை விடுகிறேன்" என்றான்,
வேறு யாரோ வேறு எதையோ கேட்டதுபோல.

காலையில் டப்பாவைத் திறந்தேன்.
நெத்திலி வாடை மட்டும்.
பெருக்கும்போது ஃபிரிட்ஜ் அடியிலிருந்து வந்தது
ஒரு சதுரம்:
வலிமை மூன்று, நகர்வு நான்கு, மை மங்கிய ஈட்டி.
தபாலில் அனுப்பலாம், முகவரி இருக்கிறது.

இப்போது டிக்கெட் இழுப்பறையில் இருக்கிறார்கள்
அந்த முந்நூறு பேரும்,
இருபது சென்ட் காசுகளின் குழியில்.
வெளியே ஒரு பள்ளிக்கூட பஸ்.
எத்தனை பேர் என்கிறேன்.
முப்பத்தொன்று என்கிறாள் ஆசிரியை,
இல்லை, முப்பது போடுங்கள்,
ஒருவன் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான்.

எழுப்புங்கள் அவனை, என்கிறேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.